ஊசியை நிறுத்தினால் முடி திரும்புமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஓயாத களைப்பு, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று நெடுநாள் அலைந்த பிறகு, பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு, அதனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மிகவும் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 14 மாதங்களாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொள்கிறேன். மறுபடி மனிதனாகிவிட்டேன் என்றே சொல்லலாம். ஆனால் ஐந்தாம் மாதத்திலிருந்து நெற்றியோரம் முடி பின்வாங்குகிறது. உச்சியில் தோல் தெரிகிறது. கடந்த மூன்று மாதங்களாகக் குளிக்கும்போது தலை முழுவதிலிருந்தும் கை நிறைய வருகிறது. இரத்தம் கெட்டியாகிறது என்றார்கள். அதனால் இந்த ஓராண்டில் நான்கு முறை இரத்ததானம் செய்தேன். முடிக்காக நானே பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். ஊசி போட்ட மறுநாள் எடுத்த பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் மிக அதிகம் என்று வந்தது. உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் ஊசியை நிறுத்தச் சொல்கிறார். வழுக்கைக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டிரைட் மாத்திரை சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்கிறார் இன்னொருவர். அப்பாவுக்கு 35 வயதிலேயே வழுக்கை. ஆனால் அம்மாவின் அப்பாவுக்குக் கடைசி வரை அடர்ந்த முடி. வழுக்கை அம்மா வழியில்தானே வரும்? முடியா, ஆண்மையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையா என்னுடையது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, அடிக்கடி எனக்கு வரும் கடிதம்தான் என்று நினைத்தேன். ஊசி, வழுக்கை, நிறுத்தலாமா என்ற கேள்வி. இரண்டாம் முறைதான், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி கண்ணை உறுத்தியது. ஓராண்டில் நான்கு முறை இரத்ததானம். அதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கோ உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமான வரி.

அதற்கு வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்குக் கட்டளை அனுப்பத் தவறுவதால்தான் உங்கள் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கவில்லை. ஊசியை நிறுத்தினால் அந்தச் சுரப்பி திருந்தி வேலையைத் தொடங்கிவிடப் போவதில்லை. சில வாரங்களில் பழைய களைப்பும் எரிச்சலும் திரும்பும். நீண்ட காலம் அப்படியே விட்டால் எலும்பின் அடர்த்தியும் குறையும். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். தசை பெருக்குவதற்காக ஊசி போட்டுக்கொள்கிறவரையும், இல்லாததை நிரப்பிக்கொள்ள ஊசி போட்டுக்கொள்கிற உங்களையும் அவர் ஒரே தராசில் நிறுத்துகிறார், அவ்வளவுதான்.

சரி, நிறுத்தினால் முடியாவது திரும்புமா? இந்தக் கேள்விக்கான பதில் 1942ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர், பருவமடைவதற்கு முன்பே விரைகளை இழந்த ஆண்களை ஆராய்ந்தார். அவர்களுக்கு வழுக்கையே விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்கு விழுந்தது, சிலருக்கு விழவில்லை. யாருடைய குடும்பத்தில் வழுக்கை இருந்ததோ அவர்களுக்கே விழுந்தது. மருந்தை நிறுத்தியபோது வழுக்கை அதற்கு மேல் பரவாமல் நின்றது; போன முடி மட்டும் திரும்பவில்லை. ஊசியை நிறுத்தினால் உங்களுக்கும் அதிகபட்சம் கிடைக்கக்கூடியது இவ்வளவுதான். அதற்காக நீங்கள் கொடுக்கப்போகும் விலை மிகப் பெரிது.

ஹாமில்டனின் ஆய்விலிருந்து இன்னொன்றும் விளங்கும். வழுக்கை என்ற விதை ஏற்கெனவே உங்கள் மயிர்க்கால்களில் இருந்தது. இத்தனை ஆண்டுகள் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்ததால் அது முளைக்காமல் கிடந்தது. இப்போது தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். 30 வயதில் தொடங்கியிருக்க வேண்டியது 40இல் தொடங்குகிறது. உங்களைப் போன்றவர்களுக்குச் சிகிச்சையின் முதல் ஆண்டில் முடி வேகமாகப் போவதுபோல் தோன்றுவதற்கு, விட்டுப்போன ஆண்டுகளின் கணக்கைத் தலை சேர்த்துத் தீர்ப்பதும் ஒரு காரணம்.

அம்மா வழித் தாத்தாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதி உண்மை அது. ஆண் ஹார்மோன் செல்லில் பற்றிக்கொள்ளும் இடமான ஏற்பியை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அது தாயிடமிருந்துதான் வரும். வழுக்கையில் அந்த மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால்தான் தாய்வழிக் கதை பரவியது. ஆனால் உங்கள் தாயிடம் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கின்றன. உங்களுக்கு வந்தது தாத்தாவுடையதாகவும் இருக்கலாம், பாட்டியுடையதாகவும் இருக்கலாம். அதோடு, வழுக்கையை முடிவு செய்வதில் மற்றக் குரோமோசோம்களில் இருக்கும் ஏராளமான மரபணுக்களுக்கும் பங்கு உண்டு. அவை தந்தையிடமிருந்தும் வரும். 35 வயதில் வழுக்கை விழுந்த அப்பா இருக்கும்போது, தாத்தாவின் அடர்ந்த முடியை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இனி, ஊசி எப்படி முடியைத் தொடுகிறது என்பது. டெஸ்டோஸ்டிரோன் நேரடியாக இதைச் செய்வதில்லை. தோல், மயிர்க்கால், புரோஸ்டேட் ஆகிய இடங்களில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. வாய் வலிக்கும் பெயர். நாங்கள் டிஹெச்டி என்று சுருக்கிவிடுவோம். அது ஏற்பியை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தலைமுடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, சில மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து மறுபடி முளைக்கும். டிஹெச்டிக்கு வசப்படும் மயிர்க்காலில் வளரும் காலம் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்துகொண்டே போகிறது. மயிர்க்காலும் சிறுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் மிஞ்சுவது பூனைமுடி. இதில் விசித்திரம், தாடியையும் மார்பு முடியையும் வளர்ப்பது இதே டிஹெச்டிதான். பிடரி முடியோ இதைச் சட்டை செய்வதே இல்லை. உங்களுக்கும் ஊசிக்குப் பிறகு தாடி அடர்ந்திருக்கும்.

இடையில் ஒரு பேச்சு. வழுக்கைத் தலையர்களுக்கு ஆண் ஹார்மோன் அதிகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. என் உச்சந்தலையில் முடி விடைபெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. என் டெஸ்டோஸ்டிரோன் அளவு சராசரிதான். ஹார்மோனின் அளவைவிட மயிர்க்காலின் கூருணர்வுதான் இதில் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஒரே மருந்தை ஒரே அளவில் எடுக்கும் இருவரில் ஒருவர் சீப்பைத் தொலைக்கிறார், மற்றவர் முடிவெட்டிக்கொள்ளப் போகிறார்.

இதுவரை சொன்னது உங்கள் நெற்றியோரத்தையும் உச்சியையும் விளக்கும். ஆனால் கடந்த மூன்று மாதங்களாகத் தலை முழுவதிலிருந்தும் கை நிறைய வருவதை இது விளக்காது. ஆண் வழுக்கை அப்படி வருவதில்லை. அது சத்தமில்லாமல் வரும். பழைய புகைப்படத்தைப் பார்த்துத்தான் பலர் கண்டுபிடிப்பார்கள். பிடரி, காதோரம் என்று எல்லா இடத்திலிருந்தும் கொத்தாக உதிர்கிறது என்றால் அது வேறு வகை: ஏதோ ஒன்றின் தாக்கத்தில் பெருந்தொகையான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுப் பருவத்துக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழுவது. கடுமையான காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, வேகமான எடைக் குறைப்பு, தைராய்டு கோளாறு, இரும்புச் சத்துக் குறைவு போன்றவை இதைத் தூண்டும்.

நாளை குளித்த பிறகு, விழுந்த முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். மற்ற முடிகளைப் போலவே தடிமனாக, முழு நீளமாக, வேர்முனையில் சிறு வெண்புள்ளியோடு இருந்தால் அவை ஓய்வெடுத்து விழுந்தவை. மெலிந்து குட்டையாக இருந்தால் டிஹெச்டியின் வேலை. உங்கள் தாளில் இரண்டும் இருக்கும் என்பது என் ஊகம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். அதை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

இப்போது அந்த நான்கு இரத்ததானங்கள். டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையை முடுக்கிச் சிவப்பணுக்களைப் பெருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் விகிதத்தை ஹீமட்டோக்ரிட் என்போம். அது 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைத்துக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. நடைமுறையில் பலர் வேறு வழியில் போகிறார்கள். மருந்தை அப்படியே தொடர்ந்துகொண்டு, இரத்தத்தைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்கிறார்கள். ஒவ்வொரு முறை 450 மில்லிலிட்டர் கொடுக்கும்போதும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு உடலை விட்டுப் போகிறது. நான்கு முறைக்கு ஏறத்தாழ ஒரு கிராம். வயதுவந்த ஆணின் உடலில் சேமிப்பாக இருக்கும் இரும்பே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிணற்றை வற்ற இறைத்து முடித்துவிட்டீர்கள்.

இதைப் பரிசோதனையில் தவறவிடுவது சுலபம். ஊசி சிவப்பணுக்களைத் தூண்டிக்கொண்டே இருப்பதால் உங்கள் ஹீமோகுளோபின் நன்றாகவே இருக்கும். இரத்தசோகை இல்லை என்று எல்லோரும் நிம்மதியடைவார்கள். சேமிப்பு காலியாகியிருப்பதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை. அதை யாரும் உங்களுக்குச் செய்ததாகத் தெரியவில்லை. முடி உதிர்கிறவர்களுக்கு ஃபெரிட்டின் 40க்கு மேல் இருக்க வேண்டும் என்று பார்க்கும் மருத்துவர்கள் பலர். நானும் அந்தக் கட்சி. கூடவே தைராய்டையும் பார்த்துவிடுங்கள். பிட்யூட்டரியில் கோளாறு உள்ளவருக்கு தைராய்டுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் கட்டளையான டிஎஸ்ஹெச் மட்டும் பார்த்தால் போதாது, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அளவும் வேண்டும். கட்டளை அனுப்பும் சுரப்பியே பழுதானால் கட்டளையின் அளவை வைத்து நிலைமையைக் கணிக்க முடியாது.

ஃபெரிட்டின் குறைவு என்று வந்தால் உடனே இரும்பு மாத்திரையை நீங்களாக விழுங்கத் தொடங்காதீர்கள். இரும்பு கிடைத்த மகிழ்ச்சியில் மஜ்ஜை மறுபடி சிவப்பணுக்களை உற்பத்தி செய்யும், ஹீமட்டோக்ரிட் ஏறும், மறுபடி இரத்ததானம். செக்கு மாட்டுப் பயணம். ஏன் இரத்தம் கெட்டியாகிறது என்ற இடத்திலிருந்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது. இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதென்று மனைவி சொல்கிறாரா? புகைபிடிக்கிறீர்களா? இரண்டுமே சிவப்பணுக்களைக் கூட்டும். இவை இல்லையென்றால் மருந்தின் அளவையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி என்பது பழைய முறை. போட்ட இரண்டு மூன்று நாட்களில் அளவு உச்சிக்குப் போகும். இரண்டாம் வாரக் கடைசியில் பள்ளத்தில் கிடக்கும். இந்த மலையும் பள்ளமும்தான் சிவப்பணுக்களை அதிகம் கிளறுகின்றன. மொத்த அளவைச் சற்றுக் குறைத்து, பாதிப் பாதியாக வாரம் ஒரு முறை போட்டுக்கொண்டால் ஏற்ற இறக்கம் தணியும். 10 முதல் 14 வாரத்துக்கு ஒரு முறை போடும் அன்டெகனோயேட் ஊசியும் இருக்கிறது. அதில் அளவு இன்னும் சீராக இருக்கும். தோலில் தடவும் களிம்பில் இரத்தம் கெட்டியாகும் தொல்லை ஊசியைவிடக் குறைவு. ஆனால் தோலிலேயே அந்த நொதி இருப்பதால் களிம்பு டிஹெச்டியைக் கூடுதலாக ஏற்றும். முடியைப் பற்றிய கவலையோடு வருகிறவருக்கு நான் களிம்பை முதலில் எழுதுவதில்லை. இது என் வழக்கம். வேறு மருத்துவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

மருந்தைக் குறைப்பதற்கு முன், அந்த மிக அதிகம் என்ற பரிசோதனை முடிவை நம்பலாமா என்று பார்ப்போம். எனக்கு இரண்டு சந்தேகங்கள். ஊசி போட்ட மறுநாள் இரத்தம் எடுத்திருக்கிறீர்கள். அன்று அதிகமாகத்தான் இருக்கும். மழை பெய்த மறுநாள் ஆற்றை அளப்பதுபோல. இரண்டு ஊசிகளுக்கு நட்டநடுவில் ஒரு முறையும், அடுத்த ஊசி போடும் நாளின் காலையில் போடுவதற்கு முன் ஒரு முறையும் எடுத்தால்தான் உண்மை நிலை தெரியும். இரண்டாவது சந்தேகம் பயோட்டின். உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம்தான். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 10 மில்லிகிராம் வரை இருக்கும். தேவையைப்போல் 300 மடங்குக்கும் மேல். ஹார்மோன்களை அளக்கும் பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே ஒட்டுப்பசைபோலப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கருவி ஏமாறும். டெஸ்டோஸ்டிரோனை உள்ளதைவிட அதிகமாகவும், டிஎஸ்ஹெச்சை உள்ளதைவிடக் குறைவாகவும் காட்டிவிடும். 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. முடிக்காகச் சாப்பிட்ட மாத்திரை, முடியைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய பரிசோதனையையே கெடுத்திருக்கலாம். உடலில் பயோட்டின் குறைபாடு இருப்பவருக்கே அது முடியை வளர்க்கும். அந்தக் குறைபாடு மிக அரிது. நிறுத்திவிடுங்கள். நிறுத்தி மூன்று நாட்களாவது கழித்துப் பரிசோதனைக்குப் போங்கள். போகும்போது ஆய்வகத்தாரிடமும் சொல்லுங்கள்.

இனி உங்களை உறங்கவிடாத ஃபினாஸ்டிரைட். அந்த மருந்தின் பிறப்பைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். 1974இல் ஜூலியேன் இம்பராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் டொமினிக்கன் குடியரசின் சில குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பங்களில் சில ஆண்களுக்குப் பிறவியிலேயே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி குறைவு. டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது, டிஹெச்டி மட்டும் இல்லாத குறை. கருவில் டிஹெச்டி கிடைக்காததால் பிறக்கும்போது புறவுறுப்பு பெண் குழந்தையினுடையதைப் போலத் தோன்றியது. பருவமடைந்தபோது குரல் தடித்தது, தசை திரண்டது, ஆணுறுப்பு வளர்ந்தது. ஆனால் தாடி அரிதாக இருந்தது, புரோஸ்டேட் சிறிதாக இருந்தது, நெற்றியோரம் முடி பின்வாங்கவே இல்லை. வளர்ந்த ஆணின் உடலில் தசைக்கும் குரலுக்கும் ஆசைக்கும் டெஸ்டோஸ்டிரோனே பெரும்பாலும் போதும், வழுக்கைக்கும் புரோஸ்டேட் வீக்கத்துக்கும்தான் டிஹெச்டி வேண்டும் என்பது அங்கிருந்து தெரியவந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக வந்ததுதான் ஃபினாஸ்டிரைட். 1992இல் புரோஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையோடு சேர்த்து இதைச் சாப்பிட்டால் ஊசியின் பலன் வீணாகாதா என்று பலர் கேட்பார்கள். டூட்டாஸ்டிரைட் என்பது ஃபினாஸ்டிரைட்டைவிடத் தீவிரமானது. இரத்தத்தில் டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். டெஸ்டோஸ்டிரோனோடு டூட்டாஸ்டிரைட்டையும் கொடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோனை மட்டும் பெற்றவர்களுக்கும், இரண்டையும் பெற்றவர்களுக்கும் தசையிலோ வலுவிலோ பாலுறவு இயல்பிலோ வேறுபாடு தென்படவில்லை. உங்கள் கேள்வியில் 'முடியா, ஆண்மையா' என்று இருந்ததே, அந்த 'யா'வுக்கு இங்கே வேலை இல்லை.

அதற்காக ஃபினாஸ்டிரைட் தீங்கே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். ஒப்புதலுக்கு முந்தைய ஆய்வுகளில் அதைச் சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் நாட்டக் குறைவு, விறைப்புக் குறைவு போன்ற ஏதாவது ஒரு பாலியல் தொல்லை வந்தது. பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தியதும் சரியானது. ஒரு சிலர் நிறுத்திய பிறகும் நீடிப்பதாகச் சொல்கிறார்கள். மருந்தின் குறிப்பேட்டிலேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. அவர்கள் கற்பனை செய்கிறார்கள் என்று ஒதுக்குகிற மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மனச்சோர்வும் ஏற்படலாம். 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தையும் இதன் பக்கவிளைவாக உறுதி செய்தது. எரிச்சலும் சோர்வுமாக இருந்து மீண்டவர் நீங்கள் என்பதால் இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததுண்டா, தற்கொலை எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா என்பதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி இருந்தால் நான் இந்த மாத்திரையைத் தவிர்ப்பேன். இல்லையென்றால், ஊசியின் அளவு சீரான பிறகு தொடங்கலாம். இப்போது தொடங்கினால், அளவு இறங்கும் நாட்களில் வரும் சோர்வு ஊசியால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. இரண்டு மூன்று மாதத் தாமதத்தில் வழுக்கை ஓடிப்போய்விடாது.

தொடங்கினால் ஆறு மாதத்துக்கு எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஓராண்டில் கணக்குப் பாருங்கள். போனதை மீட்பதைவிட இருப்பதைக் காப்பதில்தான் அதன் திறமை. நிறுத்தினால் காத்ததும் ஓராண்டுக்குள் போய்விடும். புரோஸ்டேட்டுக்காகப் பிஎஸ்ஏ பரிசோதனை செய்கிறவர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது: இந்த மாத்திரை பிஎஸ்ஏ அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். வந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். உங்கள் ஹார்மோன் மருத்துவருக்குத் தெரியாமல் தோல் மருத்துவரிடம் வாங்கிச் சாப்பிட்டால், ஒரு நாள் இந்தப் பாதி எண் யாரையாவது ஏமாற்றிவிடும். மார்பு வீங்கினாலோ முலைக்காம்பு வலித்தாலோ உடனே சொல்லுங்கள்.

மினாக்சிடில் வேறு வழியில் வேலை செய்கிறது; ஹார்மோனைத் தொடுவதே இல்லை. இரத்த அழுத்தத்துக்கு வந்த மருந்து அது; சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி முளைத்ததைப் பார்த்துத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 5 சதவீத நுரையோ திரவமோ தலைத்தோலில் தடவலாம்; முடியில் தடவிப் பயனில்லை. முதல் சில வாரங்களில் உதிர்வு அதிகமாகும். பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புதியது வருவதால் அப்படி. இந்த இடத்தில் பயந்து நிறுத்திவிட்டு, மருந்து முடியைக் கொட்டவைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்கிறவர்கள்தான் அதிகம். சிறு அளவில் மாத்திரையாகவும் சிலர் எழுதுகிறார்கள். உங்களுக்கு நான் எழுத மாட்டேன். டெஸ்டோஸ்டிரோனும் உடலில் நீரைத் தேக்கும், மினாக்சிடில் மாத்திரையும் தேக்கும். கால் வீக்கமும் படபடப்பும் எதற்கு? வீட்டில் பூனை இருந்தால் தடவும் மருந்திலும் மிகுந்த கவனம் வேண்டும். பூனைக்கு மினாக்சிடில் கொடிய விஷம். தலையணையை நக்கினாலே ஆபத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கீட்டோகோனசோல் ஷாம்பு பொடுகுக்கு நல்லது. வழுக்கைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. எந்த எண்ணெயும் டிஹெச்டியைத் தடுத்ததாக நான் அறியேன். மொட்டையடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பது வெட்டிய நுனி தடித்துத் தெரிவதால் வரும் மயக்கம். முடி மாற்று அறுவைச் சிகிச்சையில் பிடரியிலிருந்து எடுத்து நடும் முடி, போன இடத்திலும் பிடரி முடியின் குணத்தையே வைத்துக்கொள்ளும். அதனால் அது நிலைக்கும். அதைச் சுற்றியிருக்கும் பழைய முடி தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால் நட்டது தீவுபோல நிற்கும். கொட்டுவது நின்று ஓராண்டு ஆகாமல் அந்த யோசனை வேண்டாம்.

உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் வேறு எதையாவது உங்களுக்குக் கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டானசோலால், ஆக்சான்ட்ரோலோன் போன்றவை டிஹெச்டியின் உறவினர்கள். அவை மயிர்க்காலை நேரடியாகவே தாக்கும். அந்த நொதி அவற்றுக்குத் தேவையில்லை என்பதால் ஃபினாஸ்டிரைட் அவற்றைத் தடுக்காது. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்ளும் திருநம்பிகளும் இதே கேள்வியோடு எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கும் மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் தாடியும் உடல் முடியும் வந்து முடிவதற்கு முன்பே ஃபினாஸ்டிரைட் தொடங்கினால் அந்த வளர்ச்சி தடைபடலாம் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. இனி குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும். பிட்யூட்டரி கோளாறில் அதற்கு வேறு ஹார்மோன் ஊசிகள் இருக்கின்றன. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். மனைவி கருவுற்றிருந்தால் உடைந்த ஃபினாஸ்டிரைட் மாத்திரையை அவர் கையால் தொடக் கூடாது. ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சிக்கு டிஹெச்டி தேவை என்று மேலே சொன்ன குடும்பங்களின் கதையிலேயே பார்த்தோம்.

அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் இந்த வரிசையில் பேசுங்கள். பயோட்டினை நிறுத்திவிட்டேன், சரியான நாளில் டெஸ்டோஸ்டிரோனை மறுபடி பார்க்கலாமா? ஹீமட்டோக்ரிட்டோடு ஃபெரிட்டினையும் டி4ஐயும் சேர்த்து எழுதுவீர்களா? ஊசியைப் பிரித்து வாரம் ஒரு முறையாக மாற்ற முடியுமா? இவற்றுக்குப் பதில் வரும்வரை ஐந்தாவது இரத்ததானத்தைத் தள்ளிப்போடலாமா? கடைசிக் கேள்விக்கு உங்கள் மருத்துவர் தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் ஹீமட்டோக்ரிட் எண் அவர் கையில் இருக்கிறது, என்னிடம் இல்லை. ஃபினாஸ்டிரைட் பேச்சை அதற்கடுத்த சந்திப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே உச்சியையும் நெற்றியோரத்தையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சம், உலர்ந்த தலை. அடுத்த படம் மூன்று மாதம் கழித்து. நடுவில் தினமும் கண்ணாடி பார்த்தால் தலை ஒரு நாள் நிறைந்தும் ஒரு நாள் குறைந்தும் தெரியும். ஃபெரிட்டின் எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.